கை பிரேக் இழுக்கிற சத்தம்

அம்மா,

உன் பச்சைச் சால்வையை இன்று காலை பையிலிருந்து எடுத்தேன். காரின் பின் சீட்டில் உன் தலைக்கு அடியில் மடித்து வைத்த சால்வை. ஓர் ஆண்டாக அங்கேயே கிடந்ததை ஊரிலிருந்து கிளம்பும்போது எடுத்து வந்தேன். உன் வாடை மிச்சம் இருக்கும் என்று முகத்தில் அழுத்திப் பார்த்தேன். இல்லை. கிளட்ச் கருகிய வாடைதான் இருந்தது. எரிந்த காகிதமும் பழைய ரப்பர் செருப்பும் சேர்ந்தது போல ஒரு நாற்றம். மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது.

இந்த வாடையை வைத்துத்தான் உன்னிடமிருந்து சாவியைப் பிடுங்கினார்கள்.

நீ போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. கிளட்ச் மறுபடியும் கருகியிருக்கிறது. பழி போட இந்த முறை உன் கால் இல்லை.

கோபமாக இருக்கிறேன். முதலில் அப்பா மேல். அதற்குப் பிறகு உன் மேல். உன் மேல் இருப்பதுதான் இறங்க மறுக்கிறது.

*

நான் எர்ணாகுளத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நீ கார் பழகினாய். நம் வடகரப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீடுகளில் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவார்கள். கார் ஓட்டமாட்டார்கள். காரில் ஏறுவதற்கே ஒரு வரிசை இருந்தது. கூட வருகிற ஆண், அவன் தூரத்துச் சொந்தமாக இருந்தாலும், பள்ளிக்கூடப் பையனாக இருந்தாலும், முன் சீட் அவனுக்கு. ஆண் யாரும் வராவிட்டால்தான் மனைவி முன்னால் உட்காரலாம். யாரும் இதைச் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாரும் சரியான கதவைத் திறந்தார்கள்.

அந்த ஊரில் நீ டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாய். பால் சொசைட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு. பாலையும் ஊற்றினாய், காரையும் ஓட்டினாய். எனக்கு மட்டும் போனில் சொன்னாய்.

"அவனுக்குக் காலுக்கடியில தனியா ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருக்குது கண்ணு. நான் தப்புப் பண்ணுனா அவனே சவிட்டிக்கறான். வாயே தொறக்கறதில்ல."

கற்றுக்கொடுத்த பையன் மலையாளி. உன்னைவிடப் பாதி வயது. அவன் சொன்ன ஒரே பாடம், "சேச்சி, ஆத்யம் பிரேக், பின்னே கிளட்ச்." முதலில் பிரேக், அப்புறம்தான் கிளட்ச். நிறுத்த நினைத்தவுடன் கிளட்ச்சை மிதித்தால் வண்டி என்ஜினின் பிடியிலிருந்து நழுவிவிடும். முதலில் வேகத்தைக் குறை. வண்டி திணறப்போகிறது என்று தெரிகிற நேரத்தில் கிளட்ச்சை மிதி. இதை நீ சமையலறையில் நின்று, இரண்டு கால்களாலும் தரையை மிதித்து மிதித்துப் பழகினாய். தோசைக் கல்லுக்கு முன்னால். அப்பா பார்த்துவிட்டு, காலில் எறும்பு ஏறிவிட்டதா என்று கேட்டாராம்.

சித்தூர் மைதானத்தில், லைசென்ஸ் தேர்வுக்கு, கம்பி எதையும் தட்டாமல் காரில் 'எச்' எழுத்துப் போட்டாய். முதல் தடவையிலேயே. அன்று அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"எச்சுப் போட்டா டிரைவராயிருவியா? மைதானத்துல மாடுகூடச் சுத்தும்."

"அந்த மாட்டுக்கு அரசாங்கம் அட்டை குடுத்திருக்குதுங்க" என்றாய் நீ.

நான் விடுதி வராந்தாவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அந்த அம்மாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அட்டையைக் காட்டிப் பேசியவளை. அவள் எப்போது போனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஓர் ஆண்டுக்கு முன்னால் செத்தவள் வேறு.

*

சாவி சமையலறைக் கதவின் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. அப்பா எடுப்பார். நீயும் எடுப்பாய். கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு, கோயிலுக்கு, ஒரு மழை நாளில் பாலக்காடு ரயிலடியில் என்னைக் கூட்டிப்போக.

அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கால்வாய்ப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் எதிரே டிராக்டர் வந்தது. பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். நீ நிறுத்தினாய். பிரேக். கிளட்ச். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாய். கை பிரேக்கை இழுத்தாய். கர்ர்ர். பிறகு இரண்டு கால்களையும் எடுத்துத் தரையில் வைத்தாய், வேலை முடித்து வந்து உட்கார்ந்தவள் போல. புடவையைச் சரிசெய்துகொண்டாய். டிராக்டர் போகும்வரை என் ரிசல்ட்டைப் பற்றி விசாரித்தாய். டிராக்டர் போனதும் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டாய். காரின் மூக்கு லேசாக எழும்பியது.

"தெரியுதா? இங்கதான் வண்டி மூச்சு உடும்" என்றாய். "அப்பத்தான் கை பிரேக்க எறக்கோணும். முன்னயும் கூடாது, பொறவும் கூடாது."

கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

அதே மேட்டில் அப்பா நிறுத்துகிற விதம் வேறு. அது ஊருக்கே தெரிந்த வித்தை. பிரேக்கைத் தொடமாட்டார். கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் காரை மேட்டில் தொங்கவிடுவார். என்ஜின் முனகும். பக்கத்தில் இருக்கிறவரிடம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துக்க. பிரேக்குல கால் இல்ல. கை பிரேக்கு இல்ல. வண்டி நிக்குது பாரு."

பக்கத்தில் இருப்பவர் பாராட்ட வேண்டும். பாராட்டுவார்கள். தோப்புக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அது ஒரு போட்டி. யார் எவ்வளவு நேரம் காலிலேயே நிறுத்துகிறார் என்று. நீ ஒருமுறை சொல்லிப்பார்த்தாய், கை பிரேக் எதற்காக இருக்கிறது என்று.

"கை பிரேக்கு பொம்பளைங்களுக்கு" என்றார்.

அடியில் என்ன நடக்கிறது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாதி மிதித்த கிளட்ச்சில் இரண்டு வட்டுகள் ஒட்டவும் ஒட்டாமல் பிரியவும் பிரியாமல் உரசிக்கொண்டே இருக்கும். காரை நிறுத்தி வைத்திருப்பது அந்த உரசல்தான். ஒவ்வொரு முறை அவர் கையைத் தூக்கிக் காட்டியபோதும் கீழே ஒன்று தேய்ந்துகொண்டிருந்தது. அது ஒருநாள் தீரும். தீர்கிற அன்று யார் ஓட்டுகிறார்களோ, அவர்கள் மாட்டுவார்கள்.

நீ மாட்டினாய்.

*

உன் ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. மறையூருக்கு நீயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, அப்புறம் மலை. நீ பிறந்த ஊர். உன் அக்காள் வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான்.

"சொல்லாமப் போகோணும். அக்கா ஊட்டு வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கோணும். எவன்டா அதுன்னு திட்டிக்கிட்டே வருவா. அவ மூஞ்சியப் பாக்கோணும்."

இதை எத்தனை முறை சொன்னாய். சொல்லும்போது உன் கட்டைவிரல் காற்றில் இரண்டு தடவை அழுத்தும். சின்னச் சின்னதாக. பீப், பீப்.

போகிறேன் என்று நாளும் குறித்துவிட்டாய். அந்த வாரத்தில்தான், சந்தையிலிருந்து திரும்பும்போது, பாலத்து மேட்டில் கார் இழுக்க மறுத்தது. என்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை. புகை. வாடை. பின்னால் நாலைந்து வண்டிகள். ஆட்கள் தள்ளி ஓரம் கட்டினார்கள். அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கார் மூடியைத் திறக்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்பள காலு. கிளட்ச்சத் தின்னுபோட்டுது."

கூட்டம் சிரித்தது.

நீயும் சிரித்தாய். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "ஆமாங்க, என்ற காலு பசியெடுத்த காலு" என்றாயாம். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒறம்பரை யார் வந்தாலும் நீயே எடுத்துக்கொடுத்தாய். காபியும் முறுக்கும் வைத்துவிட்டு, "எங்கூட்டுக் காருக்குப் புதுக் கிளட்ச்சு போட்ட கதை தெரியுமா" என்று. மாட்டுக்கு அட்டை கொடுத்த வாயால்.

சாவி ஆணியிலிருந்து அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது. தரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. பையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். காலியான ஆணியில் நீ டீ வடிகட்டியை மாட்டினாய்.

மறையூருக்கு பஸ்ஸில் போனாய். பொள்ளாச்சியில் மாறி, உடுமலையில் மாறி, மலை வளைவுகளில் ஜன்னல் வழியே வாந்தி எடுத்துக்கொண்டு. உன் பையில் முகர்ந்துகொள்ள எலுமிச்சம்பழமும் இருந்தது, லைசென்ஸும் இருந்தது.

*

போன ஆண்டு ஒரு காலையில் நீ சமையலறையில் விழுந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அங்கே இல்லை. அப்பாதான் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்து, சால்வையைத் தலைக்கு வைத்து, கோயமுத்தூருக்கு ஓட்டினார். கூட வந்த பக்கத்து வீட்டு அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அன்று அப்பா மிக நன்றாக ஓட்டினாராம். ஒரு குலுக்கல் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

சாவில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். பொறுமைசாலி. வந்தவர், போனவர், மாலை போட்டவர், பந்தலில் உட்கார்ந்து டீ குடித்தவர். யாராவது ஒருத்தர், நல்லா ஓட்டுவா என்று சொல்வார்களா என்று காத்திருந்தேன்.

*

போன வாரம் உன் திதிக்காகப் பெரியம்மாவைக் கூட்டிவர மறையூர் போனோம். நானும் அப்பாவும். அப்பா ஓட்டினார். நான் முன் சீட்டில். ஆண் யாரும் கூட வரவில்லை.

நான் எர்ணாகுளத்தில் அலுவலகத்துத் தோழியின் காரை ஓட்டிப் பழகியவள் என்பது அவருக்குத் தெரியும். ஓட்டுகிறாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய இடது காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. முன் சீட்டில் உட்கார்ந்தவர்கள் அவருடைய கையைப் பார்த்தார்கள். உடுமலைச் சமவெளியில், நேர் ரோட்டில், கியர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்கூட அந்தக் கால் கிளட்ச்சின் மேலேயே கிடந்தது. முக்காலி மேல் கால் வைப்பது போல.

சின்னாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஒரு வளைவில் வண்டிகள் நின்றன. மேலே யானை ரோட்டைக் கடக்கிறதாம். குட்டி இருக்கிறது, நேரமாகும் என்றார்கள். எல்லாரும் என்ஜினை அணைத்தார்கள். காடு சட்டென்று அமைதியானது.

எங்கள் கார் மட்டும் முனகியது.

அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். அந்த வித்தைதான். என்னிடமும் காட்டுகிறார். உன் திதிக்குப் போகிற வழியில்.

"கை பிரேக் போடுங்கப்பா."

"இருக்கட்டும் அம்முணி. நான் நிறுத்தாத ஏத்தமா?"

கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது.

"அப்பா, நாத்தம் வருது."

"முன்னாடி நிக்கற லாரி."

முன்னால் லாரி இல்லை. ஒரு பஸ் நின்றது, அணைத்துக் கிடந்தது. அப்பாவின் முழங்கால் நடுங்குவதை வேட்டிக்கு மேலேயே பார்க்க முடிந்தது. வயதாகிவிட்டது அம்மா அவருக்கு. வலித்திருக்க வேண்டும். காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பதைவிட அந்த வலி அவருக்குச் சுலபமாக இருந்தது.

யானை போனது. வண்டிகள் நகர்ந்தன. எங்கள் கார் அலறியது; நகரவில்லை. பானட் ஓரத்திலிருந்து புகை. கால்வாய்ப் பாலத்தில் நடந்தது அப்படியே, நான் பார்க்காததை நான் பார்ப்பதற்காகவே திரும்ப நடப்பது போல. பின்னால் ஹாரன். இப்போதுதான் அவர் கை பிரேக்கை இழுத்தார். கர்ர்ர். இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்த்தார். டயருக்கு ஒன்றும் இல்லை.

நான் நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். என்ஜினை அணைத்தேன். ஆறட்டும்.

பின்னாலிருந்து ஒதுங்கி வந்த ஜீப் எங்கள் பக்கத்தில் வேகம் குறைத்தது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன அண்ணாச்சி, கிளட்ச்ச அடுப்புல வச்சு வறுத்துட்டீயளா? மறையூர் வரைக்கும் மணக்கும் போல!"

ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கின் பின்னால் இருந்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை அம்மா. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

"பொண்ணு பழகுதுங்க" என்றார்.

"பழகுத புள்ளைக்கு ஏத்தத்துலயா வண்டி குடுக்கது? நல்ல ஆளுய்யா நீரு!"

ஜீப் போய்விட்டது.

இத்தனை நாள் நான் நினைத்திருந்தது வேறு. அவர் திட்டம் போட்டு உன்னிடமிருந்து சாவியை வாங்கினார் என்று நினைத்திருந்தேன். உன்னைப் பிடிக்காமல், உன் லைசென்ஸைப் பிடிக்காமல். அப்படி இருந்திருந்தால் வெறுக்கச் சுலபம். இவ்வளவு லேசாக நடந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், நாலு பேர் சிரித்தார்கள், வாய்க்கு வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் நீ மிச்ச காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தாய்.

என்ஜின் ஆறிய பிறகு நான் ஓட்டினேன். அப்பா இடது பக்கம் ஏறிக்கொண்டார். கை பிரேக்கை இழுத்து வைத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டேன். வண்டி மூச்சு விடுகிற இடம் எங்கேயோ மேலே போயிருந்தது. தேடிப் பிடித்தேன். கருகினாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊர்ந்து ஏறியது.

"கிளட்ச்! கிளட்ச்சு அம்முணி! மிதி!"

"கம்முனு இருங்கப்பா."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

*

மறையூரில் கரும்புப் பால் கொதிக்கிற வாடை. உனக்குப் பிடித்தது. பெரியம்மா வீட்டு வாசலில் நிறுத்தியபோது என் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. உனக்காக அடிக்கலாம் என்று. அதற்குள் அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பெரியம்மா வெளியே வந்துவிட்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிளட்ச்சு போச்சுங்கக்கா. இவதான் ஓட்டுனா. அம்மா மாதிரியேதான். அந்தக் காலு."

என் விரல் ஹாரன்மேலேயே இருந்தது. எடுத்துவிட்டேன். இறங்கினேன்.

"இல்லீங்க பெரியம்மா. அப்பாதான். ஏத்தத்துல பிரேக்கப் போடாம கிளட்ச்லயே நிறுத்திக் கருக்குனாங்க. அம்மா கருக்குனதா சொன்னதும் அவங்கதான் கருக்குனது."

பெரியப்பா திண்டாடினார். வாங்க, தண்ணி குடிங்க என்றார். அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"ஏன் அம்முணி, வந்த எடத்துல அப்பன அசிங்கப்படுத்தறயா?"

"நீங்க அம்மாவ எங்க வெச்சு அசிங்கப்படுத்துனீங்க? பாலத்து மேல. ஊரே பாக்க."

அவர் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் கால் கழுவினார்.

பெரியம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். கண்டிப்பாள் என்று நினைத்தேன். டம்ளரில் பானகம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவளுக்குத் தெரியும் கண்ணு."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். அப்பவே போன் போட்டுச் சொன்னா. அக்கா, அவரு பிரேக்கத் தொடறதே இல்ல, கிளட்ச்சுலயே நிக்கறாரு, அதான் கருகுச்சுன்னு. ஏம்புள்ள, சொல்ல வேண்டியதுதானேன்னேன். தென்னைக்கு வாடல் வந்து பாதித் தோப்பு போச்சு, அந்த மனுசனுக்கு நல்லா ஓட்டறாருங்கற பேரு ஒண்ணுதான் மிச்சம், அதையும் நான் புடுங்கோணுமாக்கா, போச்சாது உடுன்னா."

பானகம் என் கையில் இருந்தது. குடிக்கவில்லை.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி ஒரு மனசு அவளுக்கு."

எல்லாரும் இதையே சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அந்த மனசு வேண்டாம் அம்மா.

உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே சிரித்தாய். தெரிந்துகொண்டே முறுக்குத் தட்டோடு அந்தக் கதையை எல்லாருக்கும் பரிமாறினாய். அவருக்குத் தோப்பு போனது, உண்மை. அதற்கு ஈடாக உன் காலைக் கொடுத்தாயா? அவருக்கு மிச்சம் இருந்தது ஒன்று என்றாய். உனக்கு மிச்சம் இருந்தது என்ன? ஓர் ஆணி. ஒரு வடிகட்டி.

நீ விட்டுக்கொடுத்தது உன்னோடு முடியும் என்று நினைத்தாய். முடியவில்லை. சின்னாறு ஏற்றத்தில் அது எனக்கு வந்து சேர்ந்தது. "அம்மா மாதிரியேதான், அந்தக் காலு." நீ ஒருநாள், ஒரே ஒருநாள், நானில்லீங்க, நீங்கதான் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செத்தா போயிருப்பார்? முகம் சுண்டியிருக்கும். குழாயடியில் கால் கழுவியிருப்பார். திரும்பி வந்து சாப்பிட்டிருப்பார். அன்று மறையூரில் அதைத்தான் செய்தார். இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்தபோது உன் மேல் வந்த கோபம் இருக்கிறதே.

*

மறுநாள் காலையில் மறையூர் மெக்கானிக் பார்த்துவிட்டு, இறக்கம்தானே, கியரில் பிடித்து இறங்குங்கள், சமவெளியில் மெதுவாகப் போனால் ஊர் போய்ச் சேரலாம் என்றார்.

அப்பா என் முன்னால் கையை நீட்டினார். சாவிக்கு. எதுவும் நடக்காதது போல, பழக்கத்தில். நான் அந்தக் கையைப் பார்த்தேன். கடந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

அவர் இடது பக்கக் கதவைத் திறக்கப் போனார். பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"நான் முன்னாடி உக்காந்துக்கறனுங்க மாப்ள. பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வருமுங்க."

அப்பா ரோட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உன் சால்வை அங்கே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அப்போது ஹாரன் அடித்தேன்.

அது உன் ஹாரன் இல்லை. நீயாக இருந்தால் பீப், பீப் என்று சின்னதாக இரண்டு. நான் கையை எடுக்கவில்லை. பெரியப்பா வாசலுக்கு ஓடி வந்தார். எதிர்வீட்டில் கதவு திறந்தது. கரும்பு வெட்டப் போனவர்கள் நின்று திரும்பினார்கள். பெரியம்மா என் தோளைத் தொட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பார்க்கவில்லை. அடித்து முடித்த பிறகுதான் கை பிரேக்கை இறக்கினேன்.

இறக்கம் முழுவதும் இரண்டாவது கியர். கிளட்ச்சில் கால் இல்லை. பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டேன். என்ஜினே காரைப் பிடித்து இறக்கியது. பின்னாலிருந்து ஒருமுறை, "நியூட்ரல்ல உடு அம்முணி, டீசல் மிச்சம்" என்றார் அப்பா. நான் இரண்டாவதிலேயே இறக்கினேன். உடுமலையில் டீக்கடை முன்னால் நிறுத்தி கை பிரேக்கை இழுத்தபோது, டம்ளருக்குக் காத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல அவர் சொன்னார்.

"அவளும் இப்படித்தான் இழுப்பா."

ஒப்புக்கொண்டார் என்று பெரியம்மா அதை இப்போது எல்லாருக்கும் சொல்கிறாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்கே மனம் இளகி, அவருக்கு இன்னொரு டீ சொல்லியிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் வடிகட்டியை எடுத்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினேன். திதி முடிந்து நான் கிளம்புகிற அன்றும் அங்கேயே தொங்கியது. இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்பாவிடம் போனில் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

சால்வையைத் துவைத்துவிட்டேன் அம்மா. அந்த நாற்றத்தை நினைவாக வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அது உன்னுடையதே இல்லை.

நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. தோழியின் காரில் அலுவலகம் போகும் வழியில் ஒரு மேம்பாலம். உச்சிக்குச் சற்று முன்னால் தினமும் நெரிசல். எல்லா வண்டிகளும் முனகிக்கொண்டு தொங்குகின்றன. நான் பிரேக்கை மிதிக்கிறேன், பிறகு கிளட்ச். கை பிரேக்கை இழுக்கிறேன். கர்ர்ர். இரண்டு கால்களையும் எடுத்துத் தரையில் வைக்கிறேன். முன்னால் கொஞ்சம் இடம் விழுந்தவுடன் பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி, பெண் ஓட்டுகிறாள் என்று யாரிடமோ சொல்கிறான்.

"ஆமா" என்கிறேன், அவனுக்குக் கேட்கிற மாதிரி.